வெளியூர் செல்லும்போது பூச்சாடிகளைக் காப்பது எப்படி?

தைப்பூசம் நெருங்கிவிட்டால் தோட்டத்து வீடுகளில் ஒரு பரபரப்பு தோன்றிவிடுகிறது. பத்துமலைக்குப் புறப்படுவோர் ஒருபுறம். பினாங்குத் தண்ணீர்மலைக்கும் ஈப்போ கல்லுமலைக்கும் புறப்படுவோர் மறுபுறம். காவடி எடுப்பவர் ஒருவர் என்றால் அவருக்குத் துணையாகச் செல்வோர் பத்துப் பேர். பூசம் முடிந்த கையோடு வீடு திரும்புவோர் சிலரே. அண்ணன் வீடு, அத்தை வீடு என்று நாலைந்து நாள் தங்கி வருவதே நம் வழக்கம். துணிமணி, வழிச்செலவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கோழிக்குத் தீனி ஆகிய அனைத்தையும் எண்ணிப் பார்த்து ஏற்பாடு செய்யும் நாம், அஞ்சடியில் வரிசையாக நிற்கும் பூச்சாடிகளை நினைப்பது பெரும்பாலும் கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்த பின்னரே.

அவை வெறும் அழகுக்காக வளர்க்கப்படுபவையாயின் கவலை சிறிது. நம் வாசல்களில் நிற்பவையோ வீட்டுக்கு உழைக்கும் செடிகள். கறிவேப்பிலை அன்றாடக் குழம்புக்கு, துளசி பூசைக்கு, ஓமவல்லி குழந்தையின் சளிக்கு, வெற்றிலைக் கொடி பாட்டியின் பெட்டிக்கு, மல்லிகை வீட்டுப் பெண்களின் கூந்தலுக்கு. பால்மாவு டின்னிலும் ஓட்டை வாளியிலும் மண் நிரப்பி, கைப்பிள்ளையைப் போல் வளர்க்கப்பட்டவை அவை. ஒரு கறிவேப்பிலைக் கன்று தாராளமாகக் கிள்ளும் அளவுக்கு வளர ஓரிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதைக் காயவிட ஒரு பயணம் போதும்.

இதில் மற்றுமொரு சங்கடமும் உண்டு. நமக்கு ஓய்வு கிடைக்கும் காலமும் செடிகளுக்குத் தண்ணீர் மிகுதியாக வேண்டிய காலமும் ஒருசேர வந்துவிடுகின்றன. ஆண்டின் முதல் மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து மீண்டும் துளிர்க்கின்றன. அப்போது பால் குறைகிறது, வேலையும் குறைகிறது, உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் சென்றுவர அதுவே வாய்ப்பான காலமாகிறது. ஆனால் கெடா, பெர்லிஸ் முதலிய வட மாநிலங்களில் வறட்சி மிகுந்த மாதங்களும் அவையே.

மரம் காட்டும் வழி

ரப்பர் மரம் ஏன் இலைகளை உதிர்க்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும்பகுதி இலைகளின் வழியாகவே ஆவியாக வெளியேறுகிறது. மழை குறைந்த காலத்தில் இலைகளைக் குறைத்துக்கொண்டால் செலவு குறையும். வரவு குறையும்போது செலவைக் குறைக்கும் குடும்பத்தலைவியைப் போல, மரம் தன் இலைகளை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கிறது. போதாமற்போனால் ஆழத்தில் நீரைத் தேடிச் செல்ல அதற்கு வேரும் உண்டு.

சாடியில் நிற்கும் செடிக்கு அந்த வசதி இல்லை. அதன் உலகம் பத்து அங்குல அகலமும் பத்து அங்குல ஆழமும் கொண்டது. அந்த மண்ணில் உள்ள நீர் தீர்ந்தால் வேறு வழி கிடையாது. எனவே நாம் ஊரில் இல்லாத நாட்களில் அச்செடிக்குச் செய்ய வேண்டிய உதவி இரண்டு. முதலாவது, அதன் செலவைக் குறைப்பது. இரண்டாவது, சிறுகச் சிறுக வரவுக்கு வழி செய்வது. பலரும் இரண்டாவதையே எண்ணுகின்றனர். முதலாவதற்குக் காசு செலவில்லை, பயனோ அதிகம்.

ஒரு சாடி நாளொன்றுக்கு எவ்வளவு நீரைச் செலவிடுகிறது? நம் நாட்டு வெயிலில் திறந்த பாத்திரத்தில் உள்ள நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமீட்டர் வற்றுகிறது. இக்கணக்கை வைத்துப் பார்த்தால், 12 அங்குல வாயகலம் உள்ள சாடி வெயிலில் நின்றால் நாளொன்றுக்கு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கைச் செலவிடும். 8 அங்குலச் சாடி ஒரு தேநீர்க் கோப்பை அளவு செலவிடும். செடி தழைத்துச் சாடிக்கு வெளியே படர்ந்திருந்தால் செலவு இதனினும் கூடும். பத்து நாட்களுக்குப் பெரிய சாடி ஒன்றுக்கே மூன்றரை லிட்டர் ஆகிறது. புறப்படும் காலையில் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிவிட்டு, "போதும், தாங்கும்" என்று சொல்வது எத்துணைப் பிழை என்பதை இக்கணக்கு காட்டும்.

எல்லாச் செடிகளும் ஒரே அளவு குடிப்பதில்லை என்பதையும் கருத வேண்டும். கற்றாழையும் பிரண்டையும் மூன்று வாரம் தண்ணீர் காணாவிடினும் முகம் வாடுவதில்லை. அவற்றுக்கு நீர் தேக்கி வைப்பதுதான் கேடு. ஓமவல்லியின் தடித்த இலைகளும் ஒரு வாரம் தாங்கும். கறிவேப்பிலை இலைகளைக் கொட்டிவிட்டு உயிரைக் காத்துக்கொள்ளும். துளசி, மிளகாய், கத்தரி, வெற்றிலை ஆகியவையே விரைவில் துவள்பவை. மிளகாய்ச் செடி பிழைத்தாலும் பூவும் பிஞ்சும் உதிர்ந்துவிடும். ஆகவே ஏற்பாடுகள் எல்லாம் முதலில் இவற்றுக்கே.

நாம் செய்த தவறு

இதனை எழுதும் நாமும் தோட்டத்து வீட்டில் வாழ்ந்தவர்களே. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உறவினர் திருமணத்திற்காகப் பன்னிரண்டு நாள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்றோம். செடிகள் காய்ந்துவிடக்கூடாது என்னும் நல்லெண்ணத்தால், துணி துவைக்கும் அகன்ற தொட்டி ஒன்றை வீட்டின் பின்புறம் வைத்து, அதில் நான்கு விரல் உயரத்திற்கு நீர் நிரப்பி, எல்லாச் சாடிகளையும் அதற்குள் இறக்கிவிட்டோம். இடமில்லாத சாடிகளின் அடித்தட்டுகளை விளிம்பு வரை நிரப்பினோம். நம் கெட்டிக்காரத்தனத்தை நாமே மெச்சிக்கொண்டோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

திரும்பி வந்தபோது மல்லிகை செழிப்பாக நின்றது. துளசியோ வேர் அழுகிக் கறுத்துப்போயிருந்தது. நீரில் மூழ்கிய மண்ணில் காற்றுக்கு இடமில்லை. காற்றில்லாத இடத்தில் வேரும் வாழ்வதில்லை. வாடிய செடிக்கும் வேரழுகிய செடிக்கும் இலை ஒரே விதமாகத்தான் தொங்கும். அதைக் கண்டு இன்னும் நீர் ஊற்றி அதன் கதையை முடித்தவர்களும் நாமே.

தொட்டியில் எஞ்சியிருந்த நீரில், தலைகீழாகத் தொங்கியும் நெளிந்தும் நீந்திக்கொண்டிருந்தன கொசுப் புழுக்கள். மலாய்மொழியில் ஜெந்திக்-ஜெந்திக் என வழங்குவது இதனையே. நூற்றுக்கணக்கில் இருந்தன. பறந்துபோனவை எத்தனை என்று எண்ணுவாரில்லை. நாம் திரும்பிய இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுச் சிறுமி டிங்கிக் காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். ஆறு நாட்களில் பிழைத்து வந்தாள். அக்கொசு நம் தொட்டியில் பிறந்ததென்று எவரும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவும் நமக்கு நா எழவில்லை.

ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதன்று. தெளிந்து தேங்கிய நீரையே அது நாடுகிறது. பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, ஈரமான இடத்தில் முட்டையிடுகிறது. முட்டை பொரித்துப் புழுவாகிக் கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறக்க நம் நாட்டு வெப்பத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே ஆகின்றன. நாம் வெளியூரில் தங்கும் நாட்களும் அவ்வளவே என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் ஆள் இருந்தால் வாரத்திற்கு ஒருமுறை தட்டைக் கவிழ்த்துக் கழுவலாம். பூட்டிய வீட்டில் அதைச் செய்வார் யார்? நீர் வற்றிய பிறகும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி நீர் பட்டவுடன் பொரிக்கும்.

இரத்தக் கசிவுடன் கூடிய டிங்கிக் காய்ச்சல் நம் நாட்டில் 1962ஆம் ஆண்டு பினாங்கில் முதன்முதலாகப் பதிவாயிற்று. 2019ஆம் ஆண்டில் மட்டும் 1,30,101 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். 182 பேர் மாண்டனர். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கென 1975ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. கொசு வளர இடங்கொடுத்த வீட்டாருக்குத் தண்டம் விதிக்க அச்சட்டம் வழிசெய்கிறது. தண்டத்தை விடுங்கள். விடியற்காலையில் வெட்டுக்குச் செல்லும் நம் மக்களுக்கு இக்கொசுவின் பழக்கம் மிகவும் பாதகமானது. பொழுது விடிந்த சில மணி நேரமும் பொழுது சாயும் நேரமும் அது ஊக்கமாகக் கடிக்கும் வேளைகள்.

வெட்டு நிறுத்தப்பட்ட மரங்களில் மங்குகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது தோட்டத்தில் அனைவரும் அறிந்த ஒழுங்கு. நிமிர்ந்து நிற்கும் மங்கில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் இனக் கொசு முட்டையிடும். காட்டில் உள்ள மங்குகளைக் கவிழ்த்துவிட்டு வீட்டு வாசலில் பத்துத் தட்டுகளை நீரோடு நிமிர்த்தி வைப்பது என்ன நியாயம்? பழைய மங்கையே சாடிக்கு அடித்தட்டாக வைத்திருக்கும் வீடுகளையும் நாம் கண்டிருக்கிறோம்.

ஆகையால் இனிக் கூறப்போகும் முறைகள் யாவற்றிலும் நாம் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. நீர் மண்ணுக்குள் இருக்கலாம். மூடிய கலத்துக்குள் இருக்கலாம். திறந்த தட்டில் இருத்தலாகாது. புறப்படுமுன் அடித்தட்டுகளை எடுத்துத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். தட்டை எடுக்க இயலாத இடமாயின் அதன் விளிம்பு வரை மணலைக் கொட்டி நிரப்பிவிடுங்கள். வடியும் நீரை மணல் பிடித்துக்கொள்ளும். கொசுவுக்குத் திறந்த நீர் கிடைக்காது.

நிழலும் குழியும்

புறப்படுவதற்கு முந்திய மாலை, சாடிகளை ஒவ்வொன்றாக வாளி நீரில் அமிழ்த்துங்கள். குமிழிகள் வருவது நிற்கும்வரை அப்படியே இருக்கட்டும். வெகுநாள் காய்ந்த மண் சுருங்கிச் சாடியின் சுவரை விட்டு விலகியிருக்கும். மேலிருந்து ஊற்றும் நீர் அந்த இடைவெளியில் ஓடி அடித்துளை வழியாக வெளியேறிவிடும். தட்டில் நீர் வடிந்துவிட்டதே என்று நாம் திருப்தியடைவோம். நடுமண் உலர்ந்தே இருக்கும். அமிழ்த்தி எடுத்தால் இந்த ஏமாற்றம் இல்லை. எடுத்த பின் ஒரு மணி நேரம் நன்றாக வடியவிட வேண்டும். சாடியைத் தூக்கிப் பார்த்து அதன் கனத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்வதும் நல்ல பழக்கம். பின்னர் எப்போது நீர் தேவை என்பதைக் கண்ணைவிடக் கையே சரியாகச் சொல்லும்.

அடுத்து, சாடிகளை வெயிலிலிருந்து எடுத்து வீட்டின் வடபுறத்திலோ மரநிழலிலோ நெருக்கமாகக் கூட்டி வையுங்கள். வெளிச்சம் இருக்க வேண்டும், நேர்வெயில் கூடாது. காற்று வேகமாக அடிக்கும் மூலையும் கூடாது. காற்று ஈரத்தைக் கவர்ந்து செல்வதில் வெயிலுக்குச் சளைத்ததன்று. பெரிய சாடிகள் சுற்றிலும், சிறியவை நடுவிலும் இருக்கட்டும். பூட்டிய வீட்டுக்குள் இருட்டறையில் வைத்துவிட்டுச் செல்வோரும் உளர். இரண்டு நாளுக்கு அது தாழ்வில்லை. பத்து நாளாயின் இலை வெளுத்துவிடும்.

மண்ணின் மேற்பரப்பில் இரண்டு அங்குலக் கனத்திற்குக் காய்ந்த இலைகளையோ தேங்காய் மட்டையின் நாரையோ பரப்புங்கள். உதிர்ந்த ரப்பர் இலைகள் காட்டில் மலைபோல் கிடக்கின்றன. ஒரு சாக்கு அள்ளி வந்தால் போதும். பழுத்த மிளகாய், மலர்ந்த பூ, நீண்டு வளர்ந்த கொழுந்து ஆகியவற்றைப் பறித்துவிடுங்கள். கறிவேப்பிலையைத் தாராளமாக ஒடித்து உறவினருக்குக் கொண்டு செல்லலாம். செடிக்கும் நல்லது, வெறுங்கையோடு போகிறோமே என்ற குறையும் தீரும். புறப்படும் வாரத்தில் உரம் இடுவது கூடவே கூடாது. உரம் புதுக் கொழுந்தைத் தூண்டும். கொழுந்து நீரைக் கேட்கும்.

மூன்று நான்கு நாள் பயணத்திற்கு இவ்வளவே போதுமானது. ஒரு வாரத்திற்கு மேலானால், வீட்டின் பின்புறம் மண்தரை உள்ளவர்கள் கையாளத்தக்க எளிய முறை ஒன்று உண்டு. நாம் அறிந்தவற்றுள் நமக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. நிழலான இடத்தில் சாடியின் உயரத்திற்குக் குழி வெட்டுங்கள். சாடிகளை வரிசையாக இறக்கி, விளிம்பு மட்டும் தெரியும்படி சுற்றிலும் மண் தள்ளி, அந்த மண்ணை வாளி வாளியாக நீரூற்றி நனையுங்கள். பூமியின் குளிர்ச்சி சாடியைச் சூழ்ந்துகொள்ளும். சுட்ட மண்சாடியானால் சுவர் வழியாகவே ஈரம் உள்ளே வரும். பிளாஸ்டிக் சாடியில் அவ்வாறு வராது. ஆயினும் சுவர் வெயிலில் காய்வது நிற்கும், அடித்துளை ஈரமண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும். நாற்றங்காலில் பயன்படும் கறுப்பு நெகிழிப் பைகளில் செடி வைத்திருப்போர் இதனைத் தவறாமல் செய்ய வேண்டும். அப்பைகள் வெயிலில் கொதிப்பவை. குழி மேட்டில் அமையட்டும். பள்ளத்தில் வெட்டினால் எதிர்பாராத மழையில் அது குளமாகிவிடும். ஆடு, மாடு, கோழி மூன்றும் திரியும் இடமாயின் சுற்றிலும் முள் அடைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்தவுடன் சாடியை எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் வேர் அடித்துளை வழியே தரையில் இறங்கி, பிறகு எடுக்கையில் அறுபடும்.

திரி போடுதல்

மண்தரை இல்லாதவர்களுக்கு, குறிப்பாகத் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு, திரி முறை உதவும். விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப் போல, துணித்திரி நீரை இழுத்துச் சாடி மண்ணுக்குக் கொடுக்கும். மண் உலர உலர அது இழுக்கும். மண் ஈரமாயிருந்தால் இழுப்பு மெதுவாகும்.

திரிக்குப் பருத்தித் துணியே தகும். பழைய வேட்டியிலோ பனியனிலோ இரண்டு விரல் அகலத்திற்குக் கிழித்து முறுக்கிக்கொள்ளுங்கள். நைலான் கயிறு உதவாது. திரியை முதலில் நீரில் முழுதும் நனைத்துவிட வேண்டும். ஒரு முனையைச் சாடி மண்ணில் நான்கு அங்குல ஆழம் வேருக்கருகே புதைத்து அழுத்துங்கள். மறுமுனை வாளியின் அடியைத் தொட வேண்டும். நடுவில் தொங்கினால், அதற்குக் கீழுள்ள நீர் வீண். வாளிக்கும் சாடிக்கும் இடையே வெளியில் தெரியும் பகுதியை ஒரு பழைய குழாய்த் துண்டுக்குள் நுழைத்துவிட்டால் வழியிலேயே காயாது.

வாளி எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் பலரும் தவறிவிடுகின்றனர். உயரமான முக்காலியில் வாளியை வைத்துவிட்டால் நீர் தானாகக் கீழிறங்கும். ஒரே இரவில் வாளி காலியாகிச் சாடி சேறாகிவிடும். வாளியின் நீர்மட்டம் சாடி மண்ணின் மட்டத்திற்குச் சற்றுக் கீழே இருப்பதே நன்று. ஒரு சாணுக்கு மேல் தாழ்ந்துவிட்டால் திரி இழுக்கத் திணறும். ஆகவே உயரமான வாளியைவிடத் தாழ்ந்து அகன்ற கலமே ஏற்றது. நீர் குறையும்போது மட்டம் மெதுவாக இறங்கும்.

கலத்துக்கு மூடி இன்றியமையாதது. வண்ணப்பூச்சு வந்த வாளியின் மூடி இறுக்கமாகப் பொருந்தும்; நன்றாகக் கழுவியபின் பயன்படுத்தலாம். திரி நுழையும் அளவுக்கே துளை இட்டு, மிஞ்சிய இடைவெளியில் துணியைத் திணித்து அடையுங்கள். கொசுவுக்கு வேண்டிய வாசல் மிகச் சிறியது. இதற்கு மேலும் ஐயமுள்ளோர், கொசுப்புழுவைக் கொல்லும் ஏபேட் மணற்குருணையை 10 லிட்டர் நீருக்கு 1 கிராம் வீதம் இடலாம். ஆனால் களைக்கொல்லி வந்த கலனையும், பாலை உறையவைக்கும் அமிலம் வந்த கலனையும் எத்தனை முறை கழுவினாலும் இதற்குத் தொடவேண்டாம். அவற்றை வீட்டுக்குக் கொண்டு வருவதே தவறு; குழந்தைகள் நடமாடும் இடம்.

திரி முறையைப் புறப்படும் நாளன்று முதன்முதலாகச் செய்து பார்ப்பது அறிவுடைமையாகாது. மூன்று நாட்களுக்கு முன்னரே அமைத்து, வாளியின் உட்புறம் கோடிட்டு, நாளொன்றுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மிகுதியாக இறங்கினால் திரியை மெலிதாக்குங்கள்; போதாதெனில் இரண்டு திரி போடுங்கள்.

பிளாஸ்டிக் புட்டியின் மூடியில் ஊசித்துளை இட்டு, நீர் நிரப்பித் தலைகீழாக மண்ணில் செருகும் வழக்கமும் பரவலாக உள்ளது. களிப்பான மண்ணில் அது இரண்டு மூன்று நாள் தாங்கும். மணற்பாங்கான மண்ணில் அரைநாளில் தீர்ந்துவிடும். அவசரத்துக்கு அன்றி நாம் அதனை நம்புவதில்லை.

மண்கலயத்தின் திறன்

சுட்ட மண்கலயத்தைச் செடியருகே கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைப்பது மிகப் பழைய முறை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் சீனத்தில் வாழ்ந்த ஃபான் செங்சி என்பாரின் வேளாண் நூலில் இது கூறப்பட்டுள்ளது. கலயத்தின் நுண்துளைகளின் வழியே நீர் கசிகிறது. சுற்றியுள்ள மண் நனைந்திருக்கும்வரை கசிவு மெதுவாகிறது. மண் உலர்ந்தால் விரைகிறது. குடத்து நீர் குளிர்ச்சியாக இருப்பதற்கும் அந்தத் துளைகளே காரணம்.

இதற்கு மெருகு பூசாத கலயமே வேண்டும். பால் மங்கைப் புதைத்தால் ஒரு சொட்டும் கசியாது; அதன்மேல் கண்ணாடி போன்ற மெருகு உண்டு. வண்ணம் தீட்டிய பொங்கல் பானையும், பொங்கிப் புகை படிந்த பானையும் அவ்வாறே துளை அடைபட்டவை. தை முதல் நாளுக்காகக் கடைகளில் மண்பானைகள் வந்து குவியும்போது, வண்ணம் பூசாத சிறிய கலயம் ஒன்றிரண்டைச் சேர்த்து வாங்கிக்கொள்வது எளிது. வாங்குமுன் நீரூற்றிச் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். வெளிப்புறம் வியர்த்தால் நல்ல கலயம்.

ஒரு லிட்டர் கொள்ளும் கலயத்துக்குப் பதினான்கு அங்குலத்திற்குக் குறையாத சாடி தேவை. செடி நடும்போதே புதைத்துவிடுவது உத்தமம். வளர்ந்த செடியின் நடுவே தோண்டிப் புதைத்தால் வேர் அறுந்து, காக்கப் போன செடியை நாமே கொன்றதாகும். கலயத்தின் வாயை ஓட்டுத்துண்டாலோ சிரட்டையாலோ இடைவெளியின்றி மூட வேண்டும். திறந்து கிடக்கும் கலயம் மீண்டும் கொசுவின் தொட்டிலே.

அண்டை வீட்டார்

தாயகப் பயணம், மருத்துவமனை வாசம் என்று ஒரு மாதம் செல்வோருக்கு மேற்கண்ட எதுவும் போதாது. மனிதர்தாம் வேண்டும். நம் லயத்து வாழ்க்கையில் அதற்குக் குறைவில்லை. "அக்கா, என் செடியையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் மறுப்பார் இல்லை. ஆயினும் மூன்று வீட்டாரிடம் சொல்லிச் செல்வதைத் தவிருங்கள். மூவரும் பொறுப்பாக இருந்தால் செடி மூழ்கும். மூவரும் மற்றவர் ஊற்றியிருப்பார் என்றெண்ணினால் செடி காயும். ஒருவரிடம் ஒப்படையுங்கள். எத்தனை நாளுக்கொருமுறை, எத்தனை குவளை என்று சொல்லுங்கள். குவளையையும் சாடியருகே வைத்துவிட்டுச் செல்லுங்கள். மண்ணில் விரலை நுழைத்துப் பார்த்து ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். சாடிகளை நிழலில் கூட்டி வைத்தபின் ஒப்படைத்தால் அவருக்கு வேலை பாதியாகும். நீர் ஊற்ற வருபவர் வீட்டைச் சுற்றி ஒருமுறை நோக்கி, மழைநீர் தேங்கிய டின்னையோ தேங்காய்ச் சிரட்டையையோ கவிழ்த்துவிட்டுப் போவாராயின், அது இரண்டு வீட்டுக்கும் செய்த உதவியாகும். மிளகாய் பழுத்தால் அவரே பறித்துக்கொள்ளட்டும்.

திரும்பி வந்தபின்

பையை இறக்கியவுடன் முதலில் பார்க்க வேண்டியவை செடிகள் அல்ல. நீர் நிற்கக்கூடிய இடங்கள். திரி வாளியின் மூடியைத் திறந்து பாருங்கள். கொசுப்புழு காணப்பட்டால் அந்நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் காய்ந்த தரையில் கொட்டுங்கள். சற்று நேரத்தில் அவை செத்துவிடும். பின்னர் கலத்தின் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். வெறும் நீரில் அலசினால் முட்டைகள் போகமாட்டா.

துவண்டு கிடக்கும் செடியைக் கண்டு பதறி வெயிலுக்கு இழுத்துச் செல்ல வேண்டாம். முதலில் மண்ணில் விரலை நுழையுங்கள். உலர்ந்திருந்தால் வாளியில் அமிழ்த்தி எடுத்து நிழலிலேயே வையுங்கள். மாலைக்குள் பெரும்பாலானவை தலைநிமிரும். சேறாக இருந்தால் ஒரு துளியும் ஊற்றாமல், சாடியைச் சாய்த்து வடியவிட்டுக் காற்றோட்டமாக வையுங்கள். நிழலில் இருந்த செடியைப் பழைய இடத்திற்குக் கொண்டு செல்ல நாலைந்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாட்களில் காலை வெயில் மட்டும் போதும். புதுத் துளிர் வரும்வரை உரமும் வேண்டாம்.

இலை முழுதும் கொட்டிக் குச்சியாக நிற்கும் கறிவேப்பிலையைப் பிடுங்கி எறிவதற்கு முன், அதன் தண்டை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். பட்டையின் ஆழம் அறிந்து கத்தி பிடிக்கும் கைகளுக்கு இது சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உள்ளே பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே கீறுங்கள். பச்சை தெரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிட்டு, மண்ணை ஈரமாக வைத்திருங்கள். மூன்று வாரத்தில் துளிர் விடும்.